பார்க் இடம் யார் பேரில் இருக்க வேண்டும்: மாநகராட்சியா, குடியிருப்போர் சங்கமா?

சேலத்தில் பழைய மனைப்பிரிவின் வரைபடத்தை விரித்தால், ‘பூங்கா’ என்று எழுதிய ஒரு துண்டு எங்காவது இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும்; இல்லையென்றால் குடியிருப்போர் சங்கம் வளர்த்த தோட்டம் பூட்டிய கேட்டுக்குள் இருக்கும். “மாநகராட்சியே எடுத்துக்கொள்ளட்டும்” என்று பாதிப் பேரும், “அவங்க கையில கொடுத்தா அதோட தீர்ந்தது” என்று மீதிப் பேரும் வாதாடுவதை அழகாபுரம் முதல் சூரமங்கலம் வரை சங்கக் கூட்டங்களில் கேட்கலாம். மாநகராட்சிப் பக்கமும் தயக்கம் உண்டு. இடத்தை ஏற்றால் சுற்றுச்சுவர், விளக்கு, தண்ணீர், ஆள் சம்பளம் எல்லாம் கூடவே வந்து சேரும்.

உரிமை மாநகராட்சிக்குப் போக வேண்டும், பராமரிப்பு தெருக்காரர்களிடம் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மற்ற வழிகள் ஏன் போதாது என்று பார்க்கலாம்.

புதிய மனைப்பிரிவுகளில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிஞ்சும் நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3 ஏக்கர் மனைப்பிரிவில் சாலை போக 2 ஏக்கர் என்றால், 20 சென்ட். அதாவது 8,712 சதுர அடி. ‘ஓ.எஸ்.ஆர் இடம்’ என்று நாம் சொல்வது இதைத்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவுக்கு இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி இருக்கிறது. எனக்கு ஒப்பாத சலுகை இது. கட்டிய பணம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட இடமாக ஒருநாளும் திரும்பி வராது.

சிக்கல் பழையவற்றில்தான். 1994-ல் சேலம் மாநகராட்சியானபோது, தனி நகராட்சியாக இருந்த சூரமங்கலமும் சுற்றியிருந்த ஊர்களும் அதில் சேர்ந்தன. அதற்கு முன் போட்ட மனைகளில் வரைபடத்தில் பூங்கா இருக்கும், பத்திரம் இருக்காது.

அப்படியே விட்டுவைத்தால்

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் யாரும் முடிவெடுக்காவிட்டால் நடப்பது இதுதான். பட்டா, அந்த மனைப்பிரிவைப் போட்டவர் பேரிலேயே நிற்கும். அவர் காலமானதும் வாரிசுகள் வருவார்கள். வில்லங்கச் சான்று போட்டால் ஒரு பதிவும் இல்லாமல் சுத்தமாக வரும். வெளியூரிலிருந்து மனை தேடி வருபவர் கண்ணுக்கு அது நல்ல கார்னர் சைட்.

சட்டம் வாரிசுகள் பக்கம் இல்லை என்பது உண்மை. பண்டிட் சேத்ராம் வசிஷ்ட் வழக்கில், மனை வரைபடத்தில் பூங்காவாக ஒதுக்கிய நிலத்தை அதன் சொந்தக்காரர் பொதுமக்கள் நலனுக்காகவே வைத்திருக்கிறார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: பொது நலனின் பாதுகாவலர் என்ற முறையில் அந்த இடத்தை நிர்வகிக்க மாநகராட்சிக்கு உரிமை வரலாம், ஆனால் சட்டத்தில் வழியில்லாமல் இலவசமாகத் தன் பேருக்கு மாற்றித் தரும்படி கேட்க முடியாது. ஆகவே பத்திரம் இல்லாத பூங்காவில் யாராவது கல் நட்டால், தெருக்காரர்கள்தான் வக்கீல் வைத்துத் தீர்ப்பைத் தேடிப் போக வேண்டும். அதற்குள் அங்கே வீடு எழும்பி, மின் இணைப்பும் வாங்கியிருப்பார்கள்.

சங்கத்தின் பேரில் இருந்தால்

சங்கம் பார்த்துக்கொள்ளும் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. பணி ஓய்வு பெற்ற ஒருவர் விடியற்காலையில் ஹோஸ் பைப்போடு நிற்பார். மாதச் சந்தாவில் தோட்டக்காரர் வருவார். உடைந்த நல்லி அன்றைக்கே மாறும். எந்த மண்டல அலுவலகத்துக்கும் மனு எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் சங்கம் என்பது 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி உயிரோடு இருக்கும் ஒரு அமைப்பு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முன்னின்று நடத்தியவர் மகனோடு பெங்களூருக்குக் குடிபோனால், அடுத்த ஆள் கிடைக்காமல் சங்கம் படுத்துவிடும். நிலம் மட்டும் செயல்படாத சங்கத்தின் பேரில் தொங்கும். நிலத்தின் மதிப்பு ஏற ஏற, யார் நிர்வாகி என்பதே வழக்காகும்.

அதைவிட எனக்கு வலிப்பது அந்த கேட். ‘குடியிருப்போர் மட்டும்’ என்று பலகை வைத்த பூங்காவுக்கு வெளியே, பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலைப் பார்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கும்போதே பொதுவுக்கு என்று ஒதுக்கிய இடம் அது. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தத்துக்கு நடுவே நெருக்கமான வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குத்தான் இப்படி ஒரு வெட்டவெளி அதிகம் தேவை. சந்தா கட்டுகிறவர்களுக்கே சாவி என்றால் அது தோட்டம், பூங்கா ஆகாது.

மாநகராட்சி பேரில் இருந்தால்

பெரிய லாபம் பத்திரப் பதிவில் இருக்கிறது. உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை வேறு யாரும் கிரயம் எழுதிக் கொண்டுவந்தால் சார்பதிவாளர் பதிய மறுக்க, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு வழி செய்கிறது. தெரு தூங்கிக்கொண்டிருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகமே வழிமறிக்கும். வேறெந்த வழியிலும் இந்தக் காவல் கிடையாது.

இரண்டாவது, பணம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. பொதுப்பணத்தைப் பொதுச் சொத்தில்தான் போட முடியும். சங்கத்தின் பேரிலோ தனியாள் பேரிலோ உள்ள நிலத்தில் நடைபாதை போட்டுத் தாருங்கள் என்று கேட்க முகாந்திரமே இல்லை.

குறைகளும் சிறியவை அல்ல. அண்ணா பூங்கா போன்ற பெரிய பூங்காவுக்கு ஊரே வருகிறது, அதனால் கவனமும் கிடைக்கிறது. ஏற்காட்டிலோ கோடை விழாவை முன்னிட்டுத் தோட்டக்கலைத் துறையே மலர்களை அடுக்கி நிறுத்தும். 20 சென்ட் தெருப் பூங்காவுக்கு விழாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. 60 வார்டுகள் உள்ள மாநகராட்சியில் குப்பை, குடிநீர், சாக்கடை எல்லாம் போக மிஞ்சியதுதான் இதற்கு வரும். திறந்து வைத்த சூட்டில் பளபளக்கும், அப்புறம் ஊஞ்சலின் சங்கிலி அறுந்து கிடக்கும்.

இன்னொரு ஆபத்து, இடத்தை வாங்கிய உள்ளாட்சியே அதைத் தின்பது. மேல்நிலைத் தொட்டி கட்ட இடம் வேண்டுமா, நுண் உர மையம் போட வேண்டுமா, முதலில் கண்ணில் படுவது காலியாக இருக்கும் ஓ.எஸ்.ஆர் இடம்தான். எல்லாமே ஊருக்கு வேண்டியவைதான், ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்காவை முடித்துவிடும். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கை நடத்தியவர்கள் அந்தப் பகுதிவாசிகள். உரிமை அரசிடம் போனபிறகும் தெரு கண் விழித்திருக்கத்தான் வேண்டும்.

பிரித்துக் கொடுத்தால்

அதனால்தான் நிலம் ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம் என்கிறேன். இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரி பொது நீர்நிலை. 2010-ல் சேலம் மக்கள் குழு, சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் முன்னின்று, அதில் இறங்கித் தூர்வாரியது. எடுத்த மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். பறவைகள் வந்து அடைந்தன. ஏரியை யாரும் யார் பேருக்கும் மாற்றவில்லை. தெருப் பூங்காவுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும், எழுத்தில் இருந்தால். வாய் வார்த்தை அனுமதி அதிகாரி மாறியதும் காலாவதியாகிவிடும்.

செலவைக் குறைக்கவும் தெருக்காரர்களுக்கே வழி தெரியும். சேலம் பாறை நிலம், போர் போட்டாலும் கோடையில் கைவிடும். மேட்டூரிலிருந்து வரும் குடிநீரைப் புல்தரைக்கு ஊற்றுவது அநியாயம். புல்லை விட்டுவிட்டு வேம்பு, புங்கன், இலுப்பை, மகிழம் வைத்தால், வேர் பிடிக்கும் முதல் சில கோடைகள் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். ஒப்பந்தக்காரர் விடும் எஸ்டிமேட்டில் கொரியன் புல் இருக்கும், இலுப்பை இருக்காது.

மாநகராட்சியின் தயக்கத்துக்கு வருகிறேன். “பணம் வந்ததும் ஏற்கலாம்” என்று இடத்தையும் சேர்த்துத் தள்ளிப்போடுவதில்தான் மோசம் இருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 122-வது பிரிவின்படி, தானத்தைக் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்க வேண்டும். எழுதித் தரச் சம்மதமாக ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் இந்த வருடம் ஒரு கையெழுத்து. அவருக்குப் பின் பிள்ளைகள், பேரன் பேத்திகள், அதில் ஒருவர் துபாயில், ஒருவருக்கு மற்றவர்களோடு பேச்சுவார்த்தையே இல்லை. ஊஞ்சல் ஐந்து வருடம் கழித்தும் வரலாம். பத்திரம் காத்திருக்காது.

மனு கொடுக்கப் போகிறவர்கள் அங்கீகரித்த வரைபட நகல், நில அளவை எண், வில்லங்கச் சான்று, பட்டா நகல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். 2022 விதிகளின்படி அமைந்த பகுதி சபையில் (வார்டு மக்கள் கூடிப் பேசும் சபை) அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், கவுன்சிலர் வழியாக மாமன்றத்துக்குப் போகட்டும். தீர்மானத்தில் ‘பூங்காவுக்கு மட்டும்’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் அதிலிருந்து தனி: சங்கம் தோட்டத்தைப் பார்க்கும், மாநகராட்சி சுவரையும் விளக்கையும் பார்க்கும், சங்கம் படுத்துவிட்டால் ஒப்பந்தம் மட்டும் முடியும், கேட் யாருக்கும் பூட்டக் கூடாது. தானப் பத்திரம் பதிவானதும் நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதா என்று தாலுகா அலுவலகத்தில் ஒருமுறை போய்ப் பார்த்து, நகல் வாங்கி சங்கக் கோப்பில் வையுங்கள்.