கருமணல் கரையில் கதிர்வீச்சை அளக்க எது சரி: சர்வே மீட்டரா, மண் மாதிரியா, டி.எல்.டி.யா?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர். கயிற்று நாரோடு ஒட்டிப்போன மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. அந்த மோனசைட்டில் உள்ள தோரியம்தான் சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம், மிடாலம் கடப்புறங்களில் காமா கதிர் கூடுதலாக இருப்பதற்குக் காரணம். இந்தக் கரையை ஆய்வுக்கு எடுக்கும் மாணவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கையில் பிடிக்கும் சர்வே மீட்டர், மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யும் காமா நிறமாலை, மூன்று மாதம் தொங்கவிடும் டி.எல்.டி. அட்டை (வாங்கிய கதிர்வீச்சைச் சேர்த்துவைத்து, பிறகு சூடாக்கும்போது ஒளியாகக் காட்டும் வில்லை). கரையில் வாழ்கிறவர்கள் உண்மையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி என்றால், எங்கள் தேர்வு டி.எல்.டி. ஆனால் ஆய்வேடுகள் பெரும்பாலும் மண் மாதிரியைச் சுற்றியே வருகின்றன. அதில் அட்டவணை நிறையக் கிடைக்கும், கட்டுரையும் சீக்கிரம் வெளிவரும்.

சர்வே மீட்டரிலிருந்து தொடங்கலாம். வாங்குவதானால் சோடியம் அயோடைடு படிகம் உள்ளதை வாங்க வேண்டும். கெய்கர் குழாய் மலிவுதான், ஆனால் காமாவுக்கு அதன் உணர்திறன் குறைவு. சாதாரணச் செம்மண் நிலத்தில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து அளவீடு எடுத்துச் சராசரி போடவும். மைக்ரோ ரான்ட்ஜனில் காட்டும் கருவியானால் 8.7-ஆல் பெருக்கினால் கதிரளவின் அலகான நானோகிரே வரும். மீட்டரைக் கருமணல்மேல் வைக்கவே கூடாது. பாலித்தீன் உறையில் போட்டே கொண்டுபோக வேண்டும். மூடி இடுக்கில் நாலு மணல் ஒட்டினாலும் அடுத்த ஊரின் அளவு கூடிவிடும். உச்சி வெயிலில் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கம் மாறும் என்பதால் காலையிலேயே வேலையை முடித்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் சீசியம்-137 சோதனை மூலத்தைக் காட்டி இரண்டு எண்ணும் ஒத்துவருகிறதா பார்க்கவும்.

மழை இரண்டு விதமாக ஏமாற்றும். பெய்யும்போது, மண்ணிலிருந்து காற்றில் கலந்த ரேடான் வாயுவின் வழித்தோன்றல்களைத் தரைக்கு இறக்கிவிடும், அளவு ஏறும். அவற்றின் அரைவாழ்வு (பாதியாகச் சிதையும் நேரம்) அரை மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த ஏற்றம் அடங்கிவிடும். அதற்குப் பிறகு நனைந்த மண்ணே காமாவைக் கொஞ்சம் தடுத்து, அளவைக் குறைத்துக் காட்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்யும் மாவட்டத்தில் இதைக் குறிப்பேட்டில் எழுதாத அளவீட்டைப் பிறகு நம்பவே முடியாது. கடலும் சும்மா இருப்பதில்லை. மழைக்கால அலை லேசான வெள்ளை மணலை அரித்துக்கொண்டு போய்க் கனமான கருமணலை மேலே விட்டுவைக்கும், வெயில் காலத்தில் வெள்ளை மணல் திரும்பவந்து அதை மூடும். ஒரே இடம், ஒரே மீட்டர் என்றாலும் ஆடியில் ஒரு எண், மாசியில் வேறொரு எண்.

மண் மாதிரி வழியில் உழைப்பு அதிகம், தவறுவதற்கு வாய்ப்பும் அதிகம். ஒரு சதுர மீட்டரின் நான்கு மூலையிலும் நடுவிலும் எடுத்துக் கலந்து இரண்டு கிலோ கொண்டுவரவும். சிப்பியும் வேரும் நீக்கி, 110 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, சலித்து, டப்பாவில் அடைத்து 30 நாள் மூடிவைக்க வேண்டும். ரேடான்-222-ன் அரைவாழ்வு 3.82 நாள். ஏழு அரைவாழ்வு கடந்தால்தான் ரேடியமும் அதற்குக் கீழே உள்ளவையும் சமநிலைக்கு வரும். மூடி கசிந்தால், யுரேனியத்தை அளக்க நாம் பார்க்கும் அதன் வழித்தோன்றலான பிஸ்மத்-214 குறைந்து, யுரேனியம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். தோரியம் வரிசையில் வரும் ரேடான் வகையான தோரானுக்கு அரைவாழ்வு 55.6 நொடிதான், வெளியேற நேரமில்லை, ஆகவே தோரியம் அவ்வளவாகப் பாதிக்காது. டப்பாவை விளிம்புவரை நிரப்புவது முக்கியம். அரைகுறையாக நிரப்பிப் பேருந்திலும் ரயிலிலும் குலுங்கிப் போனால் மோனசைட்டும் கருமணலின் இன்னொரு கனிமமான இல்மனைட்டும் தனித்தனியாகப் பிரிந்து படியும், அளவு திருத்தமெல்லாம் வீணாகும்.

கல்லூரிகளில் எளிதில் கிடைப்பது சோடியம் அயோடைடு கருவி. 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அதன் பிரிதிறன் ஏழு சதவீதம், அதாவது 46 கிலோ எலக்ட்ரான் வோல்ட். தாலியம்-208-ன் 583-ஐயும் பிஸ்மத்தின் 609-ஐயும் அதனால் பிரிக்க முடியாது. யுரேனியத்துக்கு 1764, தோரியத்துக்கு 2614 ஆகிய உச்சிகளையே நம்ப வேண்டும். ஜெர்மானியம் கருவி இவற்றைத் தெளிவாகப் பிரிக்கும். ஆனால் அதை மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனால் குளிர்விக்க வேண்டும், அதை முறை தவறாமல் ஊற்ற ஆள் வேண்டும். சொந்தக் கருவி இல்லாத துறையின் மாணவர் வேறொரு நிறுவனத்தில் நேரம் கேட்டுக் காத்திருந்துதான் எண்ண வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பை ஆய்வுத் திட்டத்தில் முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்.

எந்தக் கருவியானாலும் கருமணலில் பொட்டாசியம்தான் பெரிய பொறி. பொட்டாசியம்-40-ன் கோடு, அதாவது அது உமிழும் காமாவின் ஆற்றல், 1460.8. தோரியம் வரிசையில் வரும் ஆக்டினியம்-228-க்கும் 1459-ல் ஒரு கோடு உண்டு, நூறு சிதைவுக்கு 0.83 என்ற வீதத்தில். பொட்டாசியத்தின் வீதம் 10.66. ஒரு கிலோவில் தோரியம் 2,000 பெக்கரல் (நொடிக்கு 2,000 சிதைவு) இருந்தால், பொட்டாசியமே இல்லாத மணலிலும் சுமார் 155 பெக்கரல் பொட்டாசியம் இருப்பதுபோல் காட்டும். ஆக்டினியத்தின் 911 கோட்டை அளந்து, அதிலிருந்து 1459-ன் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். கதிரளவுக் கணக்கில் இந்தப் பிழை பெரிதில்லை: தோரியம் 0.604 பெருக்கலில் மணிக்கு 1,208 நானோகிரே தரும்போது, போலிப் பொட்டாசியம் 0.0417 பெருக்கலில் ஆறரைதான் சேர்க்கும். ஆனால் அந்தப் பொட்டாசியத்தை வைத்து மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று எழுதினால் மொத்தமும் தவறு.

இன்னொரு சிக்கல் தடிமன். பெக்கரலை இப்படிப் பெருக்கிக் கதிரளவாக்கும் சூத்திரம், மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கடப்புறத்திலோ நாலு விரல் கருமணல், கீழே வெள்ளை மணல். மேல்மண்ணை மட்டும் வழித்து எடுத்துக் கணக்கிட்டால் மீட்டர் காட்டுவதைவிட அதிகமாக வரும். 30 சென்டிமீட்டர் வரை அடுக்கடுக்காக எடுத்தால்தான் இரண்டும் நெருங்கும். சூத்திரத்தில் விண்வெளிக் கதிரின் பங்கு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். கடல் மட்டத்தில் அது மணிக்குச் சுமார் 30 நானோகிரே, டி.எல்.டி.யில் அதுவும் சேர்ந்தே பதிவாகும்.

இந்த இடத்தில்தான் டி.எல்.டி. முன்னால் போகிறது. மண் கணக்கு ஆண்டளவைச் சொல்ல, ஒருவர் நாளில் ஐந்தில் ஒரு பங்கு வெளியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார், அங்கே மண்ணின் காமா அவரை எட்டாது. கரையில் கருவாடு காயப்போடும் பெண்ணோ பகல் முழுக்க மணல்மேல் உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் ஒரே 0.2 போடுவது சரியல்ல. வீட்டில் ஒன்று, வேலை செய்யும் இடத்தில் ஒன்று என்று அட்டை தொங்கவிட்டு, யார் எங்கே எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதினால் எண்ணுக்குப் பொருள் வரும்.

நம் நாட்டில் புழங்குவது டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வில்லை. மணிக்கு 200 நானோகிரே உள்ள வீட்டில் மூன்று மாதத்தில் 0.43 மில்லிகிரே சேரும், வாசிக்கத் தாராளம். வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி, மேலே பாலித்தீன் உறையிட்டு, ஒவ்வோர் இடத்திலும் மூன்று வில்லை வைக்கவும். ஒன்று தொலையும், ஒன்றைப் பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளையடிக்கும்போது சுவரிலிருந்து கழற்றி எங்கோ வைப்பார்கள். கூடவே பயணம் செய்து, மற்றவை வீட்டில் தொங்கும் நாட்களில் ஈயப் பெட்டியில் இருக்கும் கட்டுப்பாட்டு வில்லைகளின் அளவைக் கழிக்க மறந்தால், ரயிலிலும் அலமாரியிலும் சேர்ந்த அளவு வீட்டின் கணக்கில் ஏறிவிடும். நான்கு காலாண்டும் ஓட்டினால் இரண்டு பருவமழையும் கணக்குக்குள் வரும். மூச்சில் போகும் ரேடானையும் தோரானையும் இது பிடிக்காது, அவற்றுக்கு ஆல்பா துகளின் தடத்தைப் பதிக்கும் எல்.ஆர்.-115 படலம் தனியாக வைக்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை இது: முதலில் மீட்டரோடு நடந்து வரைபடம் போடுங்கள். அதில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று தெரியும் வீடுகளில் ஓர் ஆண்டுக்கு டி.எல்.டி. தொங்கட்டும். மண் மாதிரி அந்த வீட்டு முற்றங்களிலிருந்து மட்டும் போதும். மணல் எடுக்கும்முன் ஊர்க் கமிட்டியிடமும் பங்குத்தந்தையிடமும் கல்லூரிக் கடிதத்தோடு போய்ச் சொல்லுங்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்த கரை இது. பையோடு குனிந்து மணல் அள்ளுகிறவரை யார் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அட்டையைத் திரும்ப வாங்கிய வீட்டுக்கு, ஆண்டுக்கு எத்தனை மில்லிசீவர்ட், உலகச் சராசரி 2.4-ல் எந்தெந்தப் பங்கு சேர்ந்திருக்கிறது, அதில் உங்கள் அட்டை அளந்தது எது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.