காசிமேட்டுக் காத்துல காலி ஸ்லாட்: 8 ஜிபி 16 ஆன பிறகு

காலடிப்பேட்டை நண்பர் கேட்டிருந்தார்: "8 ஜிபி ரேம் இருக்கிற டெஸ்க்டாப்புல இன்னொரு 8 போட்டா தேறுமா, இல்ல புது மெஷினே வாங்கிடவா?" தேறும். ராயபுரத்தில் ஓடும் என் மெஷினும் அவருடைய ரகம்தான்: ஐ3-8100 பிராசசர், எச்310 மதர்போர்டு, ரேம் ஸ்டிக் செருக இரண்டே ஸ்லாட்.

2400 வேக ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் விநாடிக்கு 19.2 ஜிபி டேட்டா போகும். இரண்டாவது ஏறியதும் டூயல் சேனல், இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகும், அதாவது 38.4. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கு வேண்டியதும் ரேமிலிருந்தே போவதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டேலி, போட்டோஷாப், குரோம் எல்லாம் திறந்திருந்தாலும் திணறல் இல்லை. 2666 ஸ்டிக் வாங்கினாலும் ஐ3-8100 அதை 2400-ல்தான் ஓட்டும். 3200-க்கு கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம்.

என் எரிச்சலெல்லாம் அந்த இரண்டாவது ஸ்லாட்டின் மேல். வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த ஸ்லாட் அது. கடல் உப்பும் லாரித் தூசியும் உள்ளே படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசியும். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் ரேமின் தொடுமுனைகளான பின்களில் இருப்பது அதன் மெல்லிய முலாம், அதன் நுண்துளை வழியே அடியிலுள்ள நிக்கலும் செம்பும் அரிக்கும். ஐப்பசி மழை பிடித்தால் போதும்: ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, பஸ்ஸர் நீளமாகக் கத்தும். எடுத்துப்போன சர்வீஸ் கடையில் கேபினட்டைத் திறந்த கையோடு "போர்டு போச்சு" என்றார்கள். போகவில்லை. ஸ்டிக்குகளை இடம் மாற்றிப் போட்டுக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொல்வது அநியாயம்.

நீங்களே பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பழைய ஸ்டிக்கை மட்டும் புது ஸ்லாட்டில், பிறகு புது ஸ்டிக்கை மட்டும் பழைய ஸ்லாட்டில். தகராறு ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக், ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட். ஸ்லாட் என்றால் கை பம்ப்பால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துப் பள்ளத்தில் நீளவாக்கில் ஓட்டி, நன்றாகக் காயவிட்டு, ஸ்டிக்கை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். அந்த உரசல்தான் பின்களில் படிந்த அரிப்புப் படலத்தை அறுக்கும். ஸ்டிக்கின் பின்களை வெள்ளை ரப்பரால் ஒரே ஒரு தடவை, மெதுவாக. முலாம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, மாதாமாதம் தேய்த்தால் செம்பு தெரியும்.

கிளிப் "டக்"கென்று மூடும் வரை இரண்டு முனையையும் அழுத்துங்கள். முதல் பூட்டில் திரை கருப்பாக நின்று மெஷின் ஒன்றிரண்டு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகலாம், ரேமை அது பழகிக்கொள்கிறது. பதறி ஆஃப் செய்யாதீர்கள். பிறகு மெஷின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கம் "டூயல்" (புதுப் பதிப்புகளில் "2 x 64-bit") காட்டுகிறதா பாருங்கள், ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

இந்த டிடிஆர்4 ரக ரேம் ஸ்லாட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் ஆயுள் 25 முறை கழற்றி மாட்டுவது. மழைக்கு மழை கழற்றித் துடைத்தால் அது எத்தனை வருஷம் வரும்?

டூயல் சேனலை இவ்வளவு புகழ்ந்த பிறகும் காலடிப்பேட்டைக்காரருக்கு என் பதில் வேறு. வீடு கடலோரம் என்றால் இரண்டு 8 வேண்டாம். இருக்கிற 8-ஐ விற்றுவிட்டு, இதுவரை ஓடிய ஸ்லாட்டிலேயே ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் போடுங்கள். வேகம் குறையும், குறையட்டும். காலி ஸ்லாட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி வாங்கிச் செருகிவிடுங்கள்.