தனி ஊசல் சோதனை: சராசரியா, வரைபடமா?

தனி ஊசலில் (நூலில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டும் குண்டு) அளவுகள் எடுத்து முடித்த பிறகு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் (சுமார் 9.8 மீ/வி²) கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு (39.48 × நீளம் ÷ ஓர் அலைவு நேரத்தின் வர்க்கம்), வந்த விடைகளுக்குச் சராசரி எடுப்பது ஒன்று. நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்துக் கோடு வரைந்து, 39.48-ஐ (4 × பை வர்க்கம்) அதன் சாய்வால் வகுப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே சூத்திரம்தானே என்று பலரும் சராசரியோடு நிறுத்திவிடுகிறார்கள். வரைபடம் மதிப்பெண்ணுக்காக நோட்டில் ஒட்டும் தாளாகிவிடுகிறது.

பள்ளியில் நானே செய்த தவறு ஒன்று: நூலைக் குண்டின் கொக்கி வரை மட்டும் அளந்தேன். குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டும். ஆரம் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40, 60, 80, 100 என்று எழுதிய நீளங்கள் உண்மையில் 41, 61, 81, 101. 20 அலைவுகளுக்கு 40-இல் 25.7 வினாடி, 100-இல் 40.3 வினாடி ஆகும். கணக்குப் போட்டால் முதல் விடை 9.56, கடைசி விடை 9.72. சராசரி 9.65-ஐ ஒட்டி நிற்கும். இன்னும் பத்து தடவை அளந்தாலும் ஏறாது. எல்லா விடையும் 9.8-ஐவிடக் குறைவாகவே இருக்கும்போது சராசரி மட்டும் எப்படிச் சரியாக வரும்?

வரைபடத்தில் அதே தவறு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எல்லாப் புள்ளிகளும் 1 செ.மீ. இடப்பக்கம் தள்ளி விழும், அவ்வளவுதான். கோடு நகர்ந்தாலும் சாய்வு மாறாது. இரு முனைகளை மட்டும் பாருங்கள்: ஓர் அலைவு நேரத்தின் வர்க்கங்கள் 1.651, 4.060. வித்தியாசத்தை 0.60 மீட்டரால் வகுத்தால் சாய்வு 4.015, விடை 9.83. அப்புறம் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், ஆதிப்புள்ளியைத் தொடாமல் கிடை அச்சை மைனஸ் 1 செ.மீ. அருகே வெட்டும். விட்டுப்போன ஆரம் அதுதான்!

ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தானே போக வேண்டும் என்று அளவுகோலை வலுக்கட்டாயமாக அங்கே கொண்டுபோய் வைத்தால், இந்த லாபம் முழுக்கப் போய்விடும். புள்ளிகள் எங்கே சொல்கின்றனவோ அங்கேதான் கோடு.

எண்ணிக்கை பிசகினால் இன்னும் வேடிக்கை. 60 செ.மீ.-இல் 19 அலைவை 20 என்று எண்ணிவிட்டால் அந்த ஒரு விடை 10.7-க்குப் போகும். மற்ற மூன்றும் குறைவாக இருப்பதால் சராசரி 9.9 ஆகி, 9.8-க்குக் கிட்டே வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வைக்கும்! வரைபடத்தில் அந்தப் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தனியாக நிற்கும், திரும்ப அளக்கத் தோன்றும்.

சரி, சராசரியே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதன் இடம் வேறு. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கை சில சமயம் முந்தும், சில சமயம் பிந்தும். இந்தத் தடுமாற்றத்தைச் சராசரி நன்றாகக் குறைக்கும். ஆகவே ஒரே நீளத்தில் மூன்று முறை நேரம் பார்த்துச் சராசரி எடுத்து, அந்த மதிப்பைப் புள்ளியாக வையுங்கள். திருகு அளவியால் கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளக்கும்போது வரைபடத்துக்கே வேலை இல்லை, சராசரி போதும்.

கோட்டைக் கணினியில் போடலாமா என்றால், போடலாம். கையால் வரைந்து பழகிய பிறகு என்பேன். விரிதாளில் சாதாரணக் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் 40, 50, 100 என்ற நீளங்களையும் சம இடைவெளியில் வைத்து, புள்ளிகளை வளைத்து நெளித்து இணைத்துவிடும். சிதறல் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து, போக்குக் கோட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.