கைப்பின்னல் சாக்ஸை ரிப்பேருக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கையால் பின்னிய கம்பளி சாக்ஸ், ஸ்வெட்டர் வைத்திருப்பவர்கள், குறிப்பாக நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கவனியுங்கள். "கையாலேயே டார்னிங் (தேய்ந்த பின்னலில் நூல் ஓட்டிச் சரிசெய்வது) செய்து தருகிறோம், அசல் மெரினோ ஆட்டுக் கம்பளி நூலும் இருக்கிறது" என்று போனிலேயே ஆர்டர் எடுக்கும் ஒரு கடை என்னை இரண்டு முறை ஏமாற்றிவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

அந்த சாக்ஸ் என் மாமியார் பின்னியது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் சிமென்ட் தரையில் கால் வைக்க முடியாது என்று, கணுக்காலுக்கு மேலே நன்றாக ஏறும்படி பின்னிக் கொடுத்தார். இப்போது அவருக்கு விரல் மூட்டெல்லாம் வலி, ஊசி பிடிப்பதில்லை. அதனால் கடையில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குதிகால் தேய்ந்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. சாக்ஸுக்கான நூலில் பெரும்பாலும் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான் இருக்கும். நடக்க நடக்கக் கம்பளி உதிர்ந்து, நைலான் இழை மட்டும் மிஞ்சி நிற்கும். இதுவும் அப்படித்தான் நின்றது. இது காப்பாற்றக்கூடிய கட்டம். மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும், அதாவது பின்னல் வளையமும், போகும் வழியிலேயே மழுங்கல் ஊசியால் புதுக் கம்பளி நூலை ஓட்டினால் போதும். பின்னல் பழையபடி இழுபடும், காலில் உறுத்தாது. போனில் இதையெல்லாம் சொன்னேன். "கவலையே படாதீங்க மேடம், எங்க அக்கா ஒருத்தங்க வருஷக்கணக்கா இதைத்தான் செய்றாங்க" என்றார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தது மெஷினில் அடித்த சாக்ஸ். தேய்ந்த இடத்தை இழுத்துச் சேர்த்து, சாதாரண தையல் நூலில் ஜிக்ஜாக் போட்டு, வெளிப்பக்கம் மட்டும் கம்பளி நூலை நாலு வரிசை ஓட்டி மறைத்திருந்தார்கள். உள்பக்கத்தைத் திருப்பினால் குதிகால் படும் இடத்தில் கெட்டியாக ஒரு மேடு. மெஷின் ஊசி நல்ல கண்ணிகளையும் சேர்த்து அறுத்திருந்தது. ஒரு தடவை அலசியதுமே தையல் ஓரத்திலிருந்து கண்ணிகள் வரிசையாக அவிழ ஆரம்பித்துவிட்டன. மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கேட்டதற்கு வந்த பதில்தான் முக்கியம். "பழைய சாக்ஸ் மேடம், இதுக்கு மேல தாங்காது. புதுசா ஒண்ணு பின்னிக்கங்க. நம்மகிட்டயே அசல் மெரினோ இருக்கு, ரிப்பேர் காசைக் கழிச்சுக்கறோம்." குன்னூரில் இருக்கும் என் தோழிக்கும் ஸ்வெட்டர் முழங்கையில் இதே வேலை, இதே வசனம். கெடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சாக்கில் நூலை விற்கிறார்கள்.

அடுத்து எதைப் பின்னலாம் என்று நாங்களும் யோசித்துக்கொண்டிருந்த நேரம். மாமியாருக்கு அவர்களிடம் இருந்த ஒரு நூலின் இலைப்பச்சை நிறம் பிடித்துப்போனது, அவர்களிடமே வாங்கினோம். அழகாக முறுக்கிய சிட்டம், "100% மெரினோ" என்று அச்சடித்த அட்டை. எத்தனை மீட்டர் என்று மட்டும் அதில் இல்லை. 100 கிராம் சாக்ஸ் நூல் பொதுவாக 400 மீட்டர் அளவுக்கு வரும், ஒரு ஜோடிக்குப் போதும். மீட்டர் கணக்கு சொல்லாத நூலை வாங்காதீர்கள். இன்னொன்று, அசல் மெரினோவே ஆனாலும் நைலான் கலக்காத மென்மையான நூல் குதிகாலில் சீக்கிரம் தேயும். அது குல்லாவுக்கும் கழுத்துத் துணிக்கும்தான் நல்லது. சாக்ஸ் பின்னத் தெரிந்தவர்கள் அதைச் சாக்ஸுக்கென்று சிபாரிசு செய்ய மாட்டார்கள்.

ஊசியில் ஏற்றியதும் நூல் கிறீச்சிட்டது. ஒரு விரல் நீளம் வெட்டி, சிங்க்கில் வைத்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். இது கரும்புகையோடு உருகி எரிந்தது, ஆறியபின் கறுத்த கெட்டி மணியாக நின்றது. முடி வாசனை கொஞ்சமும் இல்லை. அக்ரிலிக் என்ற செயற்கை இழை. நைலான் கலந்த நல்ல சாக்ஸ் நூலிலும் கொஞ்சம் கட்டி தட்டும், அதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், வாசனையைக் கவனியுங்கள். அக்ரிலிக் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. குழந்தைப் போர்வைக்கு அதைத்தான் நானே வாங்குகிறேன். ஆனால் கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கியும் காலைக் கதகதப்பாக வைக்கும். அக்ரிலிக்குக்கு அந்தக் குணம் கிடையாது. அதைக் கம்பளி விலைக்கு விற்பது மோசடி.

யாரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தாலும், அவர்கள் முன்பு செய்த வேலையின் உள்பக்கத்தைப் போட்டோ கேளுங்கள். வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். என்ன நூல் போடுவார்கள், மெஷின் படுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பணம் பொருள் கைக்கு வந்த பிறகுதான் என்று சொல்லுங்கள், அதற்குச் சம்மதிக்காதவர்களிடம் அனுப்பாதீர்கள்.

சாக்ஸ் என்ன ஆனது என்றால், மெஷின் தையலைப் பிரித்து, கெட்ட குதிகாலை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, மேலும் கீழும் நல்ல கண்ணிகளை 2.25 மிமீ ஊசிகளில் பிடித்து வைத்திருக்கிறேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். புது ஜோடியெல்லாம் இது முடிந்த பிறகுதான்.

கடைக்காரர்கள் இப்போது போன் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். உங்களுக்கும் இதே மாதிரி நடந்திருந்தால் தையலைப் பிரிக்காமல், அலசாமல், உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். நூலின் அட்டையையும் பணம் அனுப்பிய ஆதாரத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.