ஆதாரா, வோட்டர் ஐடியா, பாஸ்போர்ட்டா? முக்திநாத் போகாம திரும்பி வந்த கதை

போன வருஷம் எங்க பெரியப்பாவும் பெரியம்மாவும் முக்திநாத் கிளம்பினாங்க. 108 திவ்ய தேசத்துல சாளக்கிராமம்னு சொல்றது அதைத்தான், நேபாளத்துல இருக்கு, பெரியப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. ரெண்டு பேர் கையிலயும் ஆதார் மட்டும்தான். சென்னையில டெல்லி ஃப்ளைட் ஏறும்போது கார்டை ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள விட்டுட்டாங்க. டெல்லியில காத்மாண்டு கவுண்டருக்குப் போனா அதே கார்டு, பெரியப்பாவுக்கு ஓகே, பெரியம்மாவுக்கு இல்லன்னுட்டாங்க. அவருக்கு 68, இவங்களுக்கு 62, அவ்ளோதான் வித்தியாசம். வோட்டர் ஐடி மன்னார்குடி வீட்டு பீரோல புடவைக்கு அடியில கிடக்கு. பையன் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினான், ஒரிஜினல் இல்லாம முடியாதுன்னு சொல்லிட்டாங்க. "நீங்க போய் சேவிச்சுட்டு வாங்க"ன்னு பெரியம்மா சொன்னாங்க, இவர் கேக்கல, ரெண்டு பேரும் ரிட்டர்ன்.

அதுக்கப்புறம்தான் உக்காந்து எந்த கார்டு எங்க செல்லும்னு ஒண்ணொண்ணா பார்த்தேன்.

முதல்ல நம்ம ஊருக்குள்ள. இங்க ஆதார்தான் ராஜா. உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு ஆதார், வோட்டர் ஐடி, லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட் எது காட்டினாலும் விடுவாங்க, போட்டோ இருக்கிற தேசிய வங்கி பாஸ்புக் கூட லிஸ்ட்ல இருக்கு, ஆனா அதை நீட்டி யாராவது போய் நான் பார்த்ததில்ல. ட்ரெயின்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஈ-டிக்கெட்ல இருக்கிறவங்கள்ல ஒருத்தர் ஒரிஜினல் காட்டினா போதும். போன்ல டிஜிலாக்கர் ஆப்ல கார்டு காட்டுறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க, "இஷ்யூட்" பகுதியில இருக்கிற ஆதாரும் லைசென்ஸும்தான் செல்லும், நீங்களே ஸ்கேன் பண்ணி ஏத்தின காப்பிய டி.டி.ஈ. ஒத்துக்க வேண்டியதில்ல. 2025 ஜூலையில இருந்து ஐ.ஆர்.சி.டி.சி.ல தட்கல் போடணும்னாலே அக்கவுன்ட்ல ஆதார் சரிபார்த்திருக்கணும்னு ஆக்கிட்டாங்க, அதனால உள்ளூருக்கு ஆதார் இல்லாம காலம் தள்ளுறது கஷ்டம். பாஸ்போர்ட்டை உள்நாட்டுப் பயணத்துக்கு தூக்கிட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்கு பகீர்னு இருக்கும், அது தொலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு எவ்ளோ அலைச்சல், ஒரு லைசென்ஸ் போதுமே.

சரி, இவ்ளோ பெரிய ஆதார் ஏன் நேபாளத்துக்கு மட்டும் செல்லல? காரணம் சிம்பிள். ஆதார் இங்க குடியிருக்கிறவருக்குக் கொடுக்கிறது, குடிமகனுக்குக் கொடுக்கிறது இல்ல. கடைசி 12 மாசத்துல 182 நாள் இந்தியாவுல இருந்த வெளிநாட்டுக்காரரும் எடுக்கலாம். வோட்டர் ஐடி அப்படி இல்ல, இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நேபாளத்துக்கும் நமக்கும் 1950ல போட்ட ஒப்பந்தப்படி இந்தியர்கள் விசா இல்லாம போலாம், அப்போ ஃப்ளைட் ஏத்துறவனுக்குத் தெரிய வேண்டியது இவர் இந்தியர்தானாங்கிறது ஒண்ணுதான், அதை ஆதார் சொல்லாது. 15 வயசுக்குக் கீழயும் 65க்கு மேலயும் மட்டும் சலுகை, அவங்க ஆதார், ரேஷன் கார்டு மாதிரி போட்டோ இருக்கிற ஏதாவது ஒண்ணு காட்டலாம். 15ல இருந்து 18க்குள்ள இருக்கிற பசங்களுக்கு ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட இருந்து சர்டிபிகேட். பெரியம்மா மாதிரி நடுவுல மாட்டுறவங்களுக்குத்தான் சிக்கல்.

அப்போ நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வோட்டர் ஐடியா பாஸ்போர்ட்டா? என்னைக் கேட்டா வோட்டர் ஐடி. எக்ஸ்பைரி கிடையாது, செலவும் இல்ல. பூட்டானுக்கு பாஸ்போர்ட் காட்டினா 6 மாசம் வேலிடிட்டி பாக்கி இருக்கணும்னு கேப்பாங்க, வோட்டர் ஐடிக்கு அந்தக் கவலையே இல்ல (அங்க ஒருத்தருக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபா தனியா கட்டணும், அது எந்த கார்டு காட்டினாலும் குறையாது). வோட்டர் ஐடியில ஒரே தொல்லை ஸ்பெல்லிங். கார்டுல ஒரு மாதிரி, டிக்கெட்ல ஒரு மாதிரி இருந்தா கவுண்டர்ல நின்னு விளக்கிட்டு இருக்கணும், அதனால டிக்கெட்டை கார்டு பார்த்தே போடுங்க. அப்புறம் காத்மாண்டுல இருந்து அப்படியே பாங்காக் போலாம்னு பிளான் இருந்தா வோட்டர் ஐடிய மறந்துடுங்க, பாஸ்போர்ட்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, வெளிநாட்டுக்கு வோட்டர் ஐடி போதும், சொந்த நாட்டுல சில இடத்துக்கு அதுவும் பத்தாது. லட்சத்தீவு போக நுழைவு பர்மிட் வாங்கணும். அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போக வெளி மாநிலத்துக்காரங்க வாங்க வேண்டிய இன்னர் லைன் பர்மிட், 10 வருஷ பாஸ்போர்ட்டை நீட்டினாலும் பர்மிட் எங்கன்னுதான் கேப்பாங்க.

மத்த நாடுங்களுக்கு பாஸ்போர்ட் தவிர பேச்சே இல்ல. அதுல நார்மலா தட்கலானு கேக்குறாங்க. 36 பக்க புக்குக்கு நார்மல் 1,500, தட்கல் மொத்தமா 3,500. தட்கல்ல அநேகமா பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் போலீஸ் வெரிபிகேஷன், அந்த வேகத்துக்குத்தான் 2,000 ரூபா எக்ஸ்ட்ரா. அவசரம்னு ஒண்ணு நிஜமா இல்லாதவங்க நார்மல்லயே போடுங்க. 60 வயசு தாண்டினவங்க புதுசா எடுத்தா நார்மல் ஃபீஸ்ல 10 சதவீதம் குறைவு, அதாவது 1,350.

நம்மாளுங்களுக்கு நிஜமான தலைவலி இனிஷியல்தான். ஆதார்லயும் வோட்டர் ஐடிலயும் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் வெச்சு வாழ்ந்துட்டோம், பாஸ்போர்ட்ல அதை விரிச்சு எழுதணும், இல்லன்னா சர்நேம் கட்டம் காலி. காலியா விட்டவங்களுக்கு 2022 நவம்பர்ல துபாய் பக்கம் ஒரு ஆப்பு வந்துச்சு, ஒத்தப் பேர் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவுல உள்ள விட மாட்டோம்னு யு.ஏ.ஈ. சொல்லிட்டாங்க, அப்புறம் பாஸ்போர்ட்ல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு தளர்த்தினாங்க. புதுசா எடுக்கிறவங்க சர்நேமை காலியா விடாதீங்க, அவ்ளோதான் சொல்வேன்.

பெரியம்மா கதைக்கு வரேன். இந்த ஏப்ரல்ல வோட்டர் ஐடியோட முக்திநாத் போய் சேவிச்சுட்டு வந்துட்டாங்க. வந்த சூட்டுல, "நாகப்பட்டினத்துல கப்பல் விடுறானாமே, இந்த கார்டை வெச்சு நல்லூர் கந்தனைப் பார்த்துட்டு வரலாமாடா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சது, நாலு மணி நேரத்துல யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற காங்கேசன்துறை, மன்னார்குடியில இருந்து பார்த்தா சென்னையை விடக் கிட்ட. ஆனா பாஸ்போர்ட் வேணும் பெரியம்மா, இலங்கைக்குள்ள போறதுக்கு முன்கூட்டியே வாங்குற அனுமதி, ஈ.டி.ஏ.ன்னு ஒண்ணு, அதையும் ஆன்லைன்ல எடுக்கணும்னேன். "இமயமலை தாண்டினா வோட்டர் ஐடி, இந்தா இருக்கிற யாழ்ப்பாணத்துக்கு பாஸ்போர்ட்டா"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரால அப்பாயின்ட்மென்ட் போட உக்காந்தா ஸ்கூல் சர்டிபிகேட்ல அவங்க அப்பா இனிஷியல், ஆதார்ல பெரியப்பா இனிஷியல். எந்தப் பேரை சர்நேம்ல போடுறதுன்னு வீட்டுல ரெண்டு வாரமா பஞ்சாயத்து ஓடுது, ஃபார்ம் இன்னும் டிராஃப்ட்லதான் கிடக்கு.