அமோர்கோஸ் தீவில் வீடு என்று சொல்லி 2,180 யூரோவை விழுங்கிவிட்டார்கள்

2,180 யூரோ. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தின் கூட்டமில்லாத தீவுகளுக்கு மட்டும் பயணம் ஏற்பாடு செய்கிறோம் என்று இணையத்தில் கடை விரித்திருக்கும் ஒரு ஏஜென்சியிடம் அந்தப் பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெயரைப் போட்டால் வழக்கு அது இது என்று இழுப்பார்கள் என்று நண்பர்கள் தடுப்பதால் போடவில்லை. எப்படி நடந்தது என்று படித்துவிட்டு அப்புறம் யாருக்கும் பணம் கட்டுங்கள்.

சாண்டோரினி, மிகோனோஸ் வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. அமோர்கோஸ் என்று முடிவானது. அங்கே விமான நிலையம் கிடையாது, கப்பலில்தான் போக வேண்டும், கூட்டம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவும் கூட வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. ஏஜென்சிக்கு எழுதியதும் ஒருவர் போனில் கூப்பிட்டார். வீட்டைப் பற்றி அந்த ஆள் பேச்சே எடுக்கவில்லை, முதலில் அம்மாவின் முழங்காலைப் பற்றித்தான் விசாரித்தார். மலைமேல் இருக்கும் ஹோரா என்ற ஊர் வேண்டாம், சந்தும் படியுமாக இருக்கும், வண்டி உள்ளே போகாது, வடக்கே எகியாலி துறைமுகத்தில் கடலை ஒட்டித் தரைத்தளமாகவே பார்த்துத் தருகிறேன் என்றார். தீவில் இரண்டு துறைமுகம் உண்டு, எகியாலியும் காட்டாப்போலாவும், கப்பல் எதில் நிற்கிறது என்று பார்க்காமல் டிக்கெட் எடுத்தால் ராத்திரி நேரத்தில் மலைப்பாதையில் 20 கிலோமீட்டர் அலைய வேண்டிவரும் என்றார். ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும், ரொம்பப் பலமாக அடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள் என்றார். செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்தது போல இருக்கும் ஹோசோவியோட்டிசா மடத்துக்கு அம்மாவால் ஏற முடியாது, கீழே இருந்து பார்க்கட்டும், நீங்கள் போவதாக இருந்தால் தோளும் காலும் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள் என்றுகூடச் சொன்னார்.

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை! போய்ப் பார்த்தபோது எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது, அவர் விற்ற வீட்டைத் தவிர. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கார்டில் கட்டினால் கமிஷன் போகும், வங்கி வழியாக அனுப்பினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். முன்பணம் 680, பிறகு மீதி 1,500, ஆக 2,180 யூரோ. கப்பல் டிக்கெட் அன்றைக்கே மின்னஞ்சலில் வந்தது. ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் அது வேலை செய்தது, ஏறினோம், அதுவரை அவரை வாழ்த்திக்கொண்டிருந்தோம்.

எகியாலியில் இறங்கும்போது நடுராத்திரி. சாவியோடு நிற்பதாகச் சொன்ன ஆள் இல்லை. முகவரியைப் பிடித்துப் போனால் வீடு இருக்கிறது, படத்தில் பார்த்த அதே நீலக் கதவு, வாசலில் அதே அத்திமரம், உள்ளே வேறொரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உணவகம் நடத்தும் அம்மாதான் வீட்டுக்காரர், எழுந்து வந்து பார்த்துவிட்டு, இப்படி ஓர் ஏஜென்சியின் பெயரையே கேட்டதில்லை என்றார். படங்கள் அவருடைய இணையப் பக்கத்திலிருந்து திருடியவை. ஆகஸ்ட் 15 மாதா திருநாள் நெருங்கியிருந்ததால் துறைமுகத்தில் ஓர் அறைகூடக் காலி இல்லை. அந்த நேரத்திலும் அவரே நாலு பேருக்குப் போன் போட்டு, மேலே லங்காடா கிராமத்தில் ஓர் அறை பிடித்துக் கொடுத்து, தன் தம்பியின் வண்டியில் அனுப்பிவைத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் லங்காடாவில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை படி. எந்தப் படிக்குப் பயந்து ஹோராவை விட்டோமோ அதே மாதிரிப் படியில் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

அப்புறம் தொடங்கியது தட்டிக்கழிக்கும் படலம். முதலில், வீட்டுக்காரர் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார், பேசுகிறோம் என்றார்கள். வீட்டுக்காரர் என் எதிரில் நிற்கிறார் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டால், இன்று திருநாள், கிரேக்கம் முழுக்க விடுமுறை, நாளைக்குப் பேசுங்கள். அதுவும் உண்மைதான், உண்மையை வைத்தே பிழைக்கிறார்கள்! மறுநாள் ஒரு மின்னஞ்சல்: 14 வேலை நாளில் பணம் திரும்ப வரும். அதை நம்பி ஒரு பெருமூச்சு விடுவதற்குள் 'கணக்குப் பிரிவு' என்ற பெயரில் இன்னொன்று: வாடிக்கையாளர் குறித்த நாளில் அறைக்கு வரவில்லை, ஆகவே விதிமுறைப்படி பணம் திரும்பத் தரப்படாது. வரவில்லையாம்! கதவைத் தட்டி ஊரையே எழுப்பியிருக்கிறோம்.

இதற்கு மேல் துறைமுகத்து டிக்கெட் கடையில் ஒரு செய்தி காத்திருந்தது. எங்கள் திரும்பும் டிக்கெட்டை அவர்களே ரத்து செய்து பணத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நக்ஸோஸ் தீவு வழியாகச் சுற்றி, புதிதாக டிக்கெட் வாங்கி ஏதென்ஸ் வந்து சேர்ந்தோம். அந்தச் செலவு 2,180-இல் சேராது.

போலீஸில் மரியாதையாக எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், கேட்டுப் பார்க்கிறோம், அந்தப் பக்கத்து வங்கி சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். 2,180 யூரோ போன மனிதனிடம் வங்கியில் பேசிய பெண் கடைசியில், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிறார்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கிரேக்கத்தில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டின் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும், ஏஎம்ஏ என்று போட்டிருக்கும். அங்கே பதிவான ஏஜென்சி என்றால் சுற்றுலா அமைச்சகத்தின் பதிவு எண் உண்டு, அதைக் கேளுங்கள். கிரேக்கத்து வங்கிக் கணக்கு ஜிஆர் என்று தொடங்கும், இவர்கள் கொடுத்தது அப்படித் தொடங்கவில்லை. கார்டு வேண்டாம் என்று யார் சொன்னாலும் விட்டுவிடுங்கள். வீட்டின் படத்தை இணையத்தில் தேடி, வீட்டுக்காரருக்கே ஒரு போன் போடுங்கள்.

அந்த ஏஜென்சியின் இணையப் பக்கம் இன்று காலையும் ஜம்மென்று இருக்கிறது. செப்டம்பருக்குச் சலுகை விலையாம். நீலக் கதவு, வாசலில் அத்திமரம், அதே படம், இப்போது அதற்குக் கீழே சிக்கினோஸ் தீவு என்று எழுதியிருக்கிறார்கள். யாராவது முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போன் பண்ணுங்கள்.