பேச்சா, வாசிப்பா?

புத்தகத் திருவிழாவில் ஒரு எழுத்தாளருக்கு முக்கால் மணித்தியாலம்தான் இருக்கிறதென்றால், அவரைப் பேசச் சொல்வதா, வாசிக்கச் சொல்வதா? திருகோணமலையில் ஒவ்வொரு முறையும் எங்களுக்குள் இந்த இழுபறிதான்.

பேச்சுக்கு ஆள் சேரும். ஆனால் தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிய அவருக்கு மிஞ்சுவது 15 நிமிடம். அதிலும் பாதி நன்றி சொல்வதில் போய்விடும். என்றாலும் ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகள் எழும்பிக் கேள்வி கேட்பது பேச்சுக் கூட்டத்தில்தான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வாசிப்புக்கு 20 பேர் வந்தாலே பெரிய விஷயம். நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்தால் 1500 சொல் கதை கால் மணித்தியாலத்தில் முடியும். மிச்ச நேரம் கதைக்கலாம். 1925இல் மூதூரில் பிறந்த வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையைக் கொட்டியாரக் குடாவின் இக்கரையில் இருந்து உரக்க வாசித்துப் பாருங்கள். விமர்சகர் தலையாட்டும் இடம் ஒன்று, கடற்தொழில் செய்கிறவர் தலையாட்டும் இடம் வேறொன்று.

ஒரே கரைச்சல், தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்று. கடற்கரையில் வைத்த வாசிப்பொன்றில் கடைசித் தாள் பறந்துவிட்டது. ஒரு அக்கா ஓடிப் பிடித்துக்கொண்டு வரும்வரை ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தோம். கதாசிரியருக்கே இரண்டு பிடித்துப்போயிற்று!

என் வாக்கு வாசிப்புக்கு. தாளுக்குக் கிளிப், மைக்குக்குப் பஞ்சுறை, இரண்டையும் மறக்காமல் கொண்டு வாங்கோ.